வாயாடிக் குழந்தை வீட்டில் இருந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பாப்பாவுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. மதுரையில் அப்பத்தா, தாத்தாவோடு சேர்ந்து இருக்கும் வீடு என்பதால் அவள் பேச்சைக் கேட்க எந்நேரமும் ஒரு காது கிடைக்கும். அவளும் அந்தக் காதைச் சும்மா விடுவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத் தோழிகள், இன்னும் பேச ஆரம்பிக்காத பிள்ளையை வைத்திருக்கும் என் சித்தி மகள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. வயதுக் கணக்கும் மருத்துவ விஷயங்களும் டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை. மற்றதெல்லாம் வீட்டுச் சரக்கு.

இந்த வயதில் இவ்வளவு பேசுவது சாதாரணம்தானா?

சாதாரணம்தான். பொதுவாக ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். 18 மாதத்தில் அம்மா, அப்பா போக இன்னும் மூன்று சொல்லாவது சொல்ல முயலும். 2 வயதில் "பால் வேணும்", "அப்பா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். 3 வயதில் குழந்தை பேசுவதில் முக்கால்வாசி வெளியாட்களுக்கும் புரியும். இதில் முன்னே பின்னே போகும் பிள்ளைகள் ஏராளம். ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் பல பிள்ளைகளுக்கு மடை திறந்துவிடும். அப்புறம் நீங்கள் வாயைத் திறக்க முறை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

இதில் பாதிக்கு மேல் உங்களிடம் பேசும் பேச்சே இல்லை, வர்ணனை. "பாப்பா உக்காந்தாச்சு. பாப்பா எந்திரிச்சாச்சு. சேரு விழுந்துருச்சு. பாப்பா தள்ளல." அந்தக் கடைசி வாக்கியம் வந்த உடனே அடுப்பைக் குறைத்துவிட்டு ஹாலுக்குப் போய்விடுங்கள்.

க வரவேண்டிய இடத்தில் எல்லாம் த சொல்கிறாள். திருத்த வேண்டுமா?

எங்கள் வீட்டில் இதனால் ஒரு பெரிய குழப்பமே நடந்தது. காக்காவுக்கு இரண்டு கா-வும் வராமல் அது "தாத்தா" ஆகிவிட்டது. "தாத்தா பறக்குது", "தாத்தா கத்துது", "தாத்தா வடைய தூக்கிட்டுப் போச்சு" என்று மொட்டைமாடியிலிருந்து ஓடி வந்து சொல்வாள். கீழே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என் மாமனார், "நான் இங்கிட்டுதாம்மா இருக்கேன்" என்பார். அவருக்குச் சர்க்கரை உண்டு, வடை கூடாது. அப்பத்தா ஒருநாள் நிஜமாகவே அவர் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

நாக்கின் பின்பகுதியைத் தூக்கிச் சொல்ல வேண்டிய க-வைவிட நுனியால் சொல்லும் த சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபம். அதனால்தான் தக்காளி தத்தாளி ஆகிறது, சக்கரை சத்தரை ஆகிறது. பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டித் தானாகச் சரியாகிவிடும். ர, ற, ழ எல்லாம் அதற்கும் மெதுவாக வரும். "இன்னொரு தடவ சொல்லு, க்கா, க்கா" என்று உட்காரவைத்து வாங்கத் தேவையில்லை. அவள் "தாத்தா பறக்குது" என்றால் நீங்கள் "ஆமா, காக்கா பறக்குதே!" என்று சரியான ஒலியைக் காதில் போட்டுவிட்டு நகர்ந்தால் போதும்.

ழ-வுக்காகக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் பழக்கடைக்காரரே "வாளப்பளம் வாங்கிக்கங்க" என்றுதான் கூப்பிடுகிறார். குழந்தையைக் குறை சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை.

"சாப்பிடுனேன்", "போடுனேன்" என்கிறான். இலக்கணம் தப்பாகக் கற்றுக்கொள்கிறானோ?

இல்லை, பையன் இலக்கணத்தைப் பிடித்துவிட்டான் என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் காதில் விழுவது "ஓடுனேன்", "ஆடுனேன்", "பாடுனேன்". அதே கணக்குப்படி போடு என்பது "போடுனேன்" ஆகத்தானே வேண்டும்? நீங்கள் யாரும் அவனிடம் "சாப்பிடுனேன்" என்று சொன்னதே இல்லை. யாரிடமும் கேட்காத ஒரு சொல்லை அவன் செய்திருக்கிறான் என்றால், உள்ளே ஒரு விதி ஓடிக்கொண்டிருக்கிறது.

1958-ல் அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, அதற்கு 'வக்' என்று இல்லாத ஒரு பெயரும் வைத்து, "இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன?" என்று பிள்ளைகளிடம் கேட்டார். அந்தச் சொல்லை அதற்கு முன் கேட்டே இராத பிள்ளைகள் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்துச் சொன்னார்கள். நம் பிள்ளைகள் செய்வதும் அதே வேலைதான், தமிழில் வினைச்சொல் வகை வகையாக மாறுவதால் கொஞ்சம் கூடுதல் வேலை.

வேடிக்கை என்னவென்றால், சில பிள்ளைகள் முதலில் "சாப்டேன்" என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, விதி புரிந்த பிறகு "சாப்பிடுனேன்" என்று மாறுவார்கள். அப்பத்தாக்கள் இதைப் பார்த்து "நல்லாப் பேசிக்கிட்டு இருந்த பிள்ளைக்குக் கண்ணு பட்டுருச்சு" என்று மிளகாய் சுற்றிப் போடுவதுண்டு. சுற்றட்டும், கெடுதல் இல்லை.

மரியாதை எப்போது வரும்? பெரியவர்களைப் போய் "வாடா" என்கிறாள்.

எங்கள் வீட்டில் தண்ணீர் கேன் போடும் அண்ணனைப் பார்த்து "டேய், வாடா வாடா, எங்கடா இருக்க?" என்றாள். என் கணவர் தன் நண்பரோடு போனில் பேசுவதன் அச்சு அசல் அது, அந்த இழுவையோடு. கேன் அண்ணனும் "வந்துட்டேன்டா மச்சான்" என்று பதில் சொல்லிவிட்டதால் இப்போது அது நிரந்தரமாகிவிட்டது.

இதைச் சரிசெய்கிறேன் என்று அப்பத்தா இறங்கினார். "தாத்தா வர்றாங்கன்னு சொல்லணும். அத்தை வந்தாங்கன்னு சொல்லணும்." பாப்பா உடனே பிடித்துக்கொண்டாள், எல்லாருக்குமாக. இப்போது எங்கள் வீட்டில் பூனை வர்றாங்க. எறும்பு கடிச்சுட்டாங்க. குக்கர் கத்துறாங்க. ஒருநாள் சாயங்காலம் மின்விசிறி நின்றதும் மேலே பார்த்து "கரண்டு போயிட்டாங்க" என்று சொன்னாளே, மின்வாரியத்துக்கு இத்தனை மரியாதை எந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

யாருக்கு டா, யாருக்கு ங்க என்ற கணக்கு வயது, உறவு, இடம் எல்லாம் சேர்ந்தது. பெரியவர்களே புது மருமகள் வீட்டில் தடுமாறுகிற விஷயம். பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் மெல்ல மெல்லப் பிடிபடும். அதுவரை வீட்டில் நீங்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ, அதுதான் பாடம்.

நேற்று, நாளை என்றால் புரியவே இல்லையே?

இந்த வயதில் போனதெல்லாம் நேத்து, வரப்போவதெல்லாம் நாளைக்கு. "நேத்து நான் அம்மா வயித்துல இருந்தேன்" என்பாள். "நாளைக்கு நான் பெரிய அம்மாவா ஆயிட்டு உனக்கு ஊட்டி விடுறேன்" என்பாள். காலெண்டரைக் காட்டி விளக்குவது வீண். "தூங்கி எந்திரிச்சதும்", "சாப்பிட்டு முடிச்சதும்" என்று நடக்கும் காரியத்தோடு சேர்த்துச் சொன்னால் பிடிபடும்.

"ஏன்? ஏன்? ஏன்?" என்று உயிரை எடுக்கிறான். எவ்வளவுதான் பதில் சொல்வது?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஏன்" இரண்டு வகை. ஒன்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது. இன்னொன்று பேச்சு நின்றுவிடக் கூடாதே என்று கேட்பது. எது எதுவென்று கண்டுபிடிக்க வழி உண்டு. நிஜ "ஏன்" கேட்கும்போது பிள்ளை கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். மற்றது ஓடிக்கொண்டே, தோளுக்கு மேல் வீசிவிட்டுப் போகும்.

பிள்ளைகள் "ஏன்" என்று கேட்டு, அதற்கு விளக்கம் கிடைத்தால் என்ன செய்கிறார்கள், "அது அப்படித்தான்" என்று சொன்னால் என்ன செய்கிறார்கள் என்று 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பார்த்தது. விளக்கம் கிடைத்தால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். கிடைக்காவிட்டால் அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள், அல்லது தாங்களே ஒரு காரணத்தைச் சொன்னார்கள். ஆக, மழுப்பினால் நமக்குத்தான் வேலை இரட்டிப்பு.

என் மாமனார் இரவில் பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டு வைப்பார். அதை முதல்முறை பார்த்த அன்று நடந்தது இது.

"தாத்தா ஏன் பல்லக் கழட்டுறாங்க?"

"கழுவுறதுக்கு."

"ஏன் வாயிலேயே கழுவல?"

"அது தாத்தாவோட பல்லு இல்ல, டாக்டர் செஞ்சு குடுத்தது."

"ஏன்?"

"தாத்தா பல்லெல்லாம் விழுந்துருச்சு."

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தாள். பிறகு தன் முன்பல்லைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். வரவில்லை. "அம்மா, பாப்பாவுக்கு டைட்டா இருக்கு. நீ கழட்டு." கழற்ற வராது என்று விளக்கியதும் ஒரே அழுகை. தாத்தாவுக்கு மட்டும் கழற்றுகிற பல், தனக்கு மட்டும் ஒட்டிக்கொண்ட பல். இது அநியாயம் என்பது அவள் கட்சி. அன்றிலிருந்து தினமும் பல்செட்டுக்குக் குட்நைட் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறாள்.

பதில் தெரியாவிட்டால் "நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிக் கேளுங்கள். நிலா ஏன் கூடவே வருது என்று பைக்கில் கேட்டவளிடம் அப்பா இதைக் கேட்டார். "அதுக்கு வீடு தெரியல" என்றாள். நிலாவின் தூரத்தை வைத்து அவர் தயார் செய்துகொண்டிருந்த விளக்கத்தை விழுங்கிவிட்டார்.

பஸ்ஸில், கோவிலில் மானம் போகிறமாதிரி சத்தமாகக் கேட்டுவிடுகிறாள். என்ன செய்வது?

வாயைப் பொத்தாதீர்கள். பொத்தினால் விரல் இடுக்கு வழியாக இன்னும் சத்தமாக வரும்.

மாட்டுத்தாவணியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில், எதிர் சீட்டில் இருந்த பெரியவரைக் கை காட்டி, "அம்மா, இந்தத் தாத்தாவுக்கு ஏன் முடி இல்ல?" என்றாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் தலையைத் தடவிக்கொண்டே, "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு தாயி" என்றார். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. என்ன, அதன்பிறகு ஒரு வாரம் மொட்டைமாடிக்கு யார் போனாலும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போகச் சொல்லி உத்தரவு.

உடல்வாகு, நிறம், ஊன்றுகோல், சக்கர நாற்காலி பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பாக்கிவிட்டுப் போகக் கூடாது என்பது என் கருத்து. "ஆமா, அவங்களுக்கு நடக்க அது உதவியா இருக்கு" என்று சாதாரணக் குரலில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். நாம் பதறினால்தான், அது ஏதோ கேட்கக் கூடாத விஷயம் என்று பிள்ளை குறித்துக்கொள்ளும்.

வீட்டு ரகசியங்களை வந்தவர்களிடம் சொல்லிவிடுகிறாள்!

வீட்டில் ரகசியம் பேசுவதை நிறுத்திவிடுங்கள், வேறு வழி கிடையாது. "பிள்ளை ரிமோட்டை வைத்து விளையாடிக்கொண்டுதானே இருக்கிறாள்" என்று நினைப்போம். காது இங்கேதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் பாப்பா கேட்டாள்: "மாமா, நீங்க வந்தா லேசுல போகமாட்டீங்களா?" வாக்கியத்தின் சொந்தக்காரரான என் கணவர் சட்டென்று பாத்ரூமுக்குள் போய்விட்டார். காப்பாற்றியது அப்பத்தாதான். "காபி குடிக்காம லேசுல போக விடமாட்டோம்னு சொல்றா, பாத்தீங்களா எவ்வளவு பாசம்" என்று ஒரே மூச்சில் திருப்பிவிட்டார். வந்தவரும் நெகிழ்ந்துபோய் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இருந்தார்.

கெட்ட வார்த்தை பேசினால்?

முதல் விதி, சிரிக்காதீர்கள். இரண்டாவதாக, அதிர்ச்சியும் காட்டாதீர்கள். இரண்டும் பிள்ளைக்குக் கைதட்டல்தான். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு வேறு ஒரு சொல்லைக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் "அட ராமா" நன்றாக வேலை செய்தது.

அதற்கு முன்னால் ஒன்று நடந்துபோனது. என் மாமனாருக்குப் பூட்டு திறக்காவிட்டாலும் "சனியனே", செருப்பு காணாவிட்டாலும் "சனியனே". ஒரு சனிக்கிழமை நவக்கிரகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம். எள் விளக்கு ஏற்றிய இடத்தில், "இவங்க யாரு?" என்று கேட்டாள். "சனி பகவான், கும்பிட்டுக்கோ" என்றேன். கை கூப்பி நின்றவள் முகம் மலர்ந்து, "தாத்தா தினமும் கூப்பிடுறாங்களே, அவங்களா?" என்றாள். தாத்தா அன்றைக்கு ஒன்பது சுற்றோடு நிறுத்தவில்லை.

தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறானே, பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இந்த வயதில் யோசிப்பதே வாய்விட்டுத்தான். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1930-களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரியவர்கள் சொன்னதைப் பிள்ளை முதலில் தனக்குத்தானே சத்தமாகச் சொல்லித் தன்னை நடத்திக்கொள்கிறது, நாளாக ஆக அது முணுமுணுப்பாகி, பிறகு மனதுக்குள் போய்விடுகிறது என்பது அவர் சொன்னது.

அடுப்படியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இறக்கி வைத்த பால் பாத்திரத்தின் முன்னால் நின்று, ஒரு விரலை நீட்டிக்கொண்டே, "பாப்பா தொடாத! சுடும்! தொட்டா அடி!" என்று என் குரலில் அதட்டுவாள். விரல் பாத்திரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். அதட்டுகிறவளும் அவள்தான், தொடப் போகிறவளும் அவள்தான். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று கடைசிவரை தெரியாது. பாத்திரத்தை நகர்த்திவிடுவது நல்லது.

விளக்கை அணைத்த பிறகு படுக்கையில் நடப்பது இன்னொரு ரகம். அன்றைக்கு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத் திரும்ப ஓடும். "பூக்கார ஆச்சி வந்தாங்க. மல்லி குடுத்தாங்க. பாப்பாவுக்கு ஒண்ணு. அம்மாவுக்கு முழம். பாப்பாவுக்கும் முழம் வேணும்." குறுக்கே பேசாதீர்கள். பேசினால் தூக்கம் அரைமணி நேரம் தள்ளிப்போகும்.

ஒரே கதையை எத்தனை முறை சொல்வது? மாற்றிச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள்.

அடுத்து என்ன வரும் என்று முன்னாலேயே தெரிந்திருப்பதில்தான் அவர்களுக்கு ருசி. பாட்டி வடை சுட்ட கதையில் ஒருநாள் அவசரத்துக்கு நரியை விட்டுவிட்டேன், எழுப்பி உட்காரவைத்து நரியைக் கொண்டுவரச் சொன்னாள். கேள்வி கேட்கவும் தயங்கமாட்டார்கள். "பாட்டி ஏன் காக்காவுக்கு ஒண்ணு, நரிக்கு ஒண்ணு சுடல? மாவு தீர்ந்துருச்சா?" அந்தக் கதையை இத்தனை வருடமாகக் கேட்டுவரும் நமக்குத் தோன்றாத நியாயம். இப்போது எங்கள் வீட்டுக் கதையில் பாட்டி மூன்று வடை சுடுகிறார், ஏமாற்று வேலைக்கே அவசியம் இல்லாமல் கதை சீக்கிரம் முடிகிறது. எனக்கும் சௌகரியம்.

இரண்டு மூன்று மொழி காதில் விழுந்தால் குழம்பிவிடாதா?

குழம்பாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியலாம், இரண்டையும் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும். எங்கள் பக்கத்து வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு மூன்று வயது. பாட்டியிடம் சௌராஷ்டிரம், எங்களிடம் தமிழ், பிளே ஸ்கூல் மிஸ்ஸிடம் "மிஸ், வாட்டர்". ஆள் மாறினால் பாஷையை மாற்றுகிறான், ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. எங்கள் பாப்பா அவனிடமிருந்து நாலைந்து வார்த்தை கற்றுக்கொண்டு வந்து அப்பத்தாவுக்குப் பாடம் எடுக்கிறாள்.

போனில் ரைம்ஸ் போட்டால் பேச்சு சீக்கிரம் வருமா?

பாட்டு மனப்பாடம் ஆகும், பேச்சு அதனால் வளராது. பேச்சுக்கு எதிர்ப்பேச்சு வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது.

"நா... நா... நா... நான்" என்று திக்குகிறான்.

இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு வந்துபோகும். "மெதுவாப் பேசு" என்று அவனைச் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், முகத்தை இறுக்கிக்கொண்டு சிரமப்பட்டால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது திக்கல் இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள்.

எங்கள் பிள்ளை பேசவே இல்லை. எல்லாரும் "வரும் வரும்" என்கிறார்கள்.

வாயாடிகளைப் பற்றிய பக்கத்தில் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். என் சித்தி மகள் கேட்டதும் இதைத்தான்.

பெரியவர்கள் உடனே குமரகுருபரரை இழுப்பார்கள். ஐந்து வயதுவரை பேசாதவர், திருச்செந்தூர் முருகன் அருளால் பேசினார், பிறகு எங்கள் மீனாட்சிக்கே பிள்ளைத்தமிழ் பாடினார் என்பது வரலாறு. கும்பிடுங்கள், நானும் கும்பிடுவேன். ஆனால் ஐந்து வயதுவரை காத்திருக்காதீர்கள். ஒரு வயதில் மழலை ஒலியோ, கைகாட்டுவதோ இல்லை. 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை. 2 வயதில் இரண்டு சொல் சேரவில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு நின்றுபோனது. இதில் எது இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சிறு பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைப் பார்க்கவே டி.இ.ஐ.சி. என்ற மையம் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் வருவது, கட்டணம் கிடையாது. உங்கள் பகுதி அங்கன்வாடியில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

நாக்கில் வசம்பு தேய்ப்பது, தேன் தடவுவது வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் ஆபத்தும்கூட.

நமக்கு இனிக்கிறது, மற்றவர்களுக்கு அறுவையாக இருக்காதா?

இருக்கும். குழந்தை பிறந்த வீட்டு வாட்ஸ்அப்பில் எல்லாம் "குழல் இனிது யாழ் இனிது" வந்துவிடும். எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 92-ஆம் பாட்டு. ஔவையார் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார்: மழலை யாழோடு சேராது, தாளத்துக்கும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் பெற்றவர்களுக்கு அன்பு சுரக்கவைக்கிறது. என் பாட்டும் அப்படித்தான், நீ அருளுள்ளவன் என்பதால் கேட்கிறாய் என்று அதியமானிடம் முடிக்கிறார். ஆகவே உங்கள் பிள்ளை "ஆப்பிள்" என்று சொல்லும் வீடியோவை அலுவலகக் குழுவில் போடுவதற்கு முன், அந்தக் குழுவில் அதியமான்கள் எத்தனை பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்கே சில நேரம் தலை வலிக்கிறது. "ம்" கொட்டிவிட்டுப் போகலாமா?

தாராளமாக. நாள் முழுக்க முழுக்காது கொடுக்க யாராலும் முடியாது. எங்கள் வீட்டில் "ம்" செல்லாது என்பதுதான் சிக்கல். "ம் சொல்லாத. அப்படியா சொல்லு" என்பாள். சரி, "அப்படியா" என்றால், "எப்படியா?" என்று கேட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அப்பா, தாத்தா, அப்பத்தா என்று முறை வைத்துக்கொள்வதுதான் வழி. குளிக்கப் போகும் நேரம் மட்டும் எனக்கே எனக்கு. கதவுக்கு வெளியே நின்று "அம்மா, உள்ள இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இருக்கிறேன் என்றால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டாள்.

இதையெல்லாம் எப்படிச் சேர்த்து வைப்பது?

போனை எடுத்தால் பேச்சு நின்றுவிடும், "எனக்குக் காட்டு" என்று பிடுங்க வருவாள். நான் தினசரிக் காலெண்டர் தாளைப் பயன்படுத்துகிறேன். காலையில் கிழிக்கும் தாளின் பின்பக்கம், முந்தின நாள் சொன்னதில் நல்லதாக ஒன்று. தேதி முன்பக்கம் இருக்கிறது, தனியாக எழுத வேண்டாம். எப்படிச் சொன்னாளோ அப்படியே எழுதுங்கள். "தத்தாளி" என்றால் தத்தாளி. திருத்தி எழுதிய மழலை எதற்கும் ஆகாது. பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன், பின்பக்கத்தில் எழுதாத நாளும் நிறைய.

நாள் முழுக்கப் பேசுகிறவள், அம்மாச்சி போன் பண்ணினால் மட்டும் ஊமையாகிவிடுகிறாளே?

எல்லா வீட்டிலும் இதே கதை. போடியில் இருக்கும் என் அம்மா வீடியோ காலில் வருவார். "என்ன சாப்பிட்ட தங்கம்?" மௌனம். "அம்மாச்சி யாரு சொல்லு?" திரையில் பாப்பாவின் உச்சந்தலை மட்டும் தெரியும். "பாட்டுப் பாடு" என்றதும் அதுவும் மறைந்துவிடும், மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும். அம்மாச்சிக்கு வருத்தம், நாம்தான் பிள்ளையைப் பேசவிடுவதில்லை என்று லேசாகச் சந்தேகமும்.

கேள்வி கேட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் பரீட்சைக்கு வந்தமாதிரி ஒடுங்கிவிடுவார்கள். அம்மாச்சியிடம் கேள்வி கேட்கவேண்டாம், எதையாவது காட்டுங்கள் என்று சொல்லுங்கள். என் அம்மா ஒருநாள் கொட்டத்தில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியிடம் போனைக் கொண்டுபோனார். பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு, சாப்பிட்டது, தாத்தா பல், கரண்டு போயிட்டாங்க, மாமா லேசுல போகல என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நடுவில் என் அம்மா ஆசையாகத் தலையை நீட்டி "அப்புறம் தங்கம்?" என்று கேட்டார்.

"அம்மாச்சி, தள்ளுங்க. ஆடு பேசிக்கிட்டு இருக்காங்க."